அளவு நாடா மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

யானைக்கால் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை நமக்குப் புதிதல்ல. நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைத்த அனுபவத்தைத் தஞ்சாவூர் டாக்டர் எஸ். ஜமால் 1981-லேயே ஆய்விதழில் எழுதினார். ஆனால் பலன் கிடைத்ததா என்பதை நாடாவால் காலைச் சுற்றி அளந்து சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. காலையில் வற்றியிருக்கும் கால், நாளெல்லாம் நின்றால் மாலையில் பருத்துவிடும். இறுக்கிக் கட்டிய பாண்டேஜே அளவைக் குறைத்துவிடும். இணைத்த குழாய் திறந்திருக்கிறதா, அடைத்துவிட்டதா என்று நாடா எப்படிச் சொல்லும்? கால் விரலிடுக்கில் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு எடுக்கும் ஸ்கேன், அந்த மருந்து தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களை எட்டுகிறதா என்று காட்டும். பச்சைச் சாயம் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், நிணநீர் தோலடியில் கோடாக ஓடுகிறதா, புகைபோல் கசிந்து பரவுகிறதா என்பது திரையிலேயே தெரியும்.

செலவு கூடும், படம் நன்றாக இருந்தும் நோயாளியின் அவதி குறையாமல் போகலாம் என்பார்கள். இரண்டும் உண்மைதான். அதனால்தான் படம், நாடா அளவு, நெறிகட்டிக் காய்ச்சல் வந்த தடவைகள் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அறுவைக்கு முன் எடுத்த படம் இல்லாவிட்டால், பின்னால் எடுப்பதை எதோடு ஒப்பிடுவது? 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில், பெரம்பலூர் நோயாளிகளுக்கும் சேர்த்து, அறுவைக்கு முன்பும் ஓராண்டு கழித்தும் இந்தப் படம் எடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், பெரம்பலூர்