போனுக்குப் பொலித்தீன் பை, வீதிக்கு துஆ

மாரி காலத்தில் எங்கட ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் குடையைத் தேட மாட்டோம். பாண் வாங்கி வந்த பொலித்தீன் பையைத்தான் முதலில் தேடுவோம். போனை அதற்குள் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். தலை நனையட்டும், தடிமன் வரட்டும், பனடோல் இருக்கு. போன் நனைந்தால்? அதற்குப் பனடோல் இல்லையே!

இந்தப் போன் பைத்தியத்தைப் பற்றிப் பெரியவர்கள் ஏசி ஏசிக் களைத்துவிட்டார்கள். "போன்தான் இந்தப் புள்ளைகளக் கெடுத்த" என்று சொல்லும் மாமா, அதே ஏச்சை ஐந்து நிமிட வொயிஸாகக் குடும்பக் குறூப்பில் போடுகிறார். கேட்காமலே தம்ஸப் போட்டுவிட்டு நாங்களும் எங்கள் வேலையைப் பார்க்கிறோம். ஆகவே அந்தப் பழைய பாட்டை இங்கே பாடப் போவதில்லை. எங்கள் குற்றச்சாட்டு வேறு. அதுவும் எங்கள்மீதே.

சொந்த வசதியில் ஒரு நிமிடக் குறையைக்கூட எங்களால் தாங்க முடியாது. பொது வசதியில் வருடக்கணக்கான குறையென்றாலும் சபூர் செய்துகொண்டு இருப்போம்.

சாட்சி வேண்டுமா? ரீலோட் போட்டு டேட்டா வர இரண்டு நிமிடம் பிந்தினால் ஹொட்லைனுக்கு ஏழு தடவை எடுப்போம். விருந்துக்குப் போன வீட்டில் ஸலாம் சொன்ன கையோடு வைஃபை பாஸ்வேர்டு கேட்போம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியதே, ஞாபகம் இருக்கிறதா? அன்று பகல் சாப்பாட்டுக்கு முன்னமே உம்மாமாரின் போனுக்கும் வீபீஎன் ஏற்றிக் கொடுத்துவிட்டோம். அன்றே அந்தத் தடையும் நீங்கியது. எங்களுக்குப் போராடத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. தெரியும். சிக்னலுக்காகப் போராடத் தெரியும்.

பயணத்திலும் இதே கதைதான். மாவடிப்பள்ளியில் இருந்து காரைதீவு முச்சந்திக்கு வந்தால், கல்முனை – அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி ஒலுவில் வரைக்கும் போகலாம். ஆனால் முச்சந்தி வரை வருவதற்கே மோட்டார் சைக்கிள். பள்ளிக்கும் மோட்டார் சைக்கிள். கடைக்கும் அதேதான். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றார்கள். அப்போது மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓடினோம். ஒருவரும் மௌத்தாகவில்லை. சிலருக்கு வயிறுகூடக் குறைந்தது. பெற்றோல் தாராளமாக வந்த மறுநாளே சைக்கிள் பழைய மூலைக்குப் போய்விட்டது. தனக்கென்று ஒரு வாகனம் வந்த பிறகு பஸ் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கேட்பதற்கு ஆள் இல்லாத பஸ் மெதுமெதுவாகக் குறைந்துதான் போகும்.

லீவு கிடைத்தால் வேன் பிடித்து எல்லவுக்குப் போவோம். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று ரயில் வரும்வரை காத்திருந்து படம் எடுப்போம். நூறு வருடம் தாண்டியும் அசையாமல் நிற்கிறதே என்று ஸ்டேட்டஸ் போடுவோம். பிறகு ஊருக்குத் திரும்பி, மழை பெய்தால் மூழ்கும் எங்கட வீதியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

இதற்கு மேல் சிரிக்க முடியாது.

காரைதீவு – அம்பாறைப் பிரதான வீதியில் மாவடிப்பள்ளியை அடுத்து இரு பக்கமும் வயல். மாரியில் வயல் நிரம்பினால் வெள்ளம் வீதியை மேவிப் பாயும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரில் இருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில் இழுபட்டுக் கவிழ்ந்தது. சிலரைக் காப்பாற்றினார்கள். மற்றவர்களை ஜனாஸாவாகத்தான் எடுத்தார்கள். வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் ஏறிய பிள்ளைகள் அவர்கள்.

அன்று நாங்கள் என்ன செய்தோம்? வீடியோ வந்தது, பகிர்ந்தோம். அடுத்த வீடியோ வந்தது, அதையும் பகிர்ந்தோம். 'இன்னாலில்லாஹ்' எழுதினோம், கறுப்புப் படம் வைத்தோம். 24 மணித்தியாலத்தில் ஸ்டேட்டஸ் தானாகவே அழிந்தது. அதோடு எங்கள் கடமையும் முடிந்ததாக நினைத்துக்கொண்டோம்.

போன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளம் வருகிறது என்று சொன்னதும் போன்தான், உதவிக்கு ஆள் கூப்பிட்டதும் போன்தான். ஆனால் கவலையைப் பகிர்ந்தவுடன் வேலையைச் செய்து முடித்த மாதிரி ஒரு நிம்மதியைத் தருகிறதே, அந்த நிம்மதிதான் பொய். மப்பில் அந்த வீதி மாரியிலும் கோடையிலும் ஒரே கோடுதான். பாயும் வெள்ளம் ஒரு அடி இருந்தாலே கார்களை இழுத்துவிடும், இரண்டு அடி வந்தால் பெரிய வாகனங்களும் தப்பாது. அந்த அடிக்கணக்கைச் சொல்ல வீதியோரம் ஒரு கம்பம் வேண்டும், வீதியை மூட ஒரு ஆள் வேண்டும். இந்த இரண்டையும் எந்த அப்பிலும் டவுன்லோட் பண்ண ஏலாது.

அப்படியானால் என்ன செய்வது? ஹொட்லைனுக்கு ஏழு தடவை எடுத்த அதே விரல்களுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில்தான் இருக்கிறது. வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். கேள்விகளும் சிக்கலானவை இல்லை. வெள்ளம் எத்தனை அடி வந்தால் வீதியை மூட வேண்டும்? மூடும் அதிகாரம் யாருக்கு? 2024க்குப் பிறகு இந்த இடத்துக்கு என்ன திட்டம், எவ்வளவு ஒதுக்கீடு, எப்போது முடியும்? கிட்டங்கித் தாம்போதியால் போகிறவர்களும் இதே கேள்விகளை அனுப்பலாம். அவர்களுடைய மாரியும் நம்முடையது போலத்தான்.

துஆ வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. போனுக்கு இரண்டு முடிச்சுப் போடத் தெரிந்த நாம், வீதிக்கு ஒரு கடிதமாவது போடுவோம். அடுத்த மாரிக்கு முதல்.