ஏரியை மறந்த சாலைகள்

ஐப்பசி பிறந்ததும் கோடம்பாக்கத்தில் பயணம் ஒரு சோதனையாகிவிடுகின்றது. ரங்கராஜபுரம் சுரங்கப்பாதையில் நீர் நிறைந்தால் ஊர்திகள் யாவும் மேம்பாலங்களை நாடுகின்றன. பேருந்துகள் ஊர்கின்றன. மாணவர் வகுப்பை இழக்கின்றனர். அன்றாடக் கூலியரோ அன்றைய உணவையே இழக்கின்றனர். நாமும் மழையைப் பழிக்கின்றோம்.

மழை செய்த பிழை யாது? சென்னைக்குரிய ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவமழையே தருகின்றது. அது தங்குவதற்கென இருப்புப்பாதைக்குக் கிழக்கே நெடிய ஏரியொன்று இருந்தது. 1920களில் அதனைத் தூர்த்தே தியாகராய நகரை அமைத்தனர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. வான்சிறப்பைப் பாடிய புலவருக்கு ஏரியின் மடியில் கோட்டம் எழுந்தது காலத்தின் முரணன்றோ! 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நின்ற வெள்ளம், தன் பழைய இல்லத்திற்குத் திரும்பிய நீரே.

மறைந்த ஏரிகளை மீட்பது அரிது. எஞ்சியிருக்கும் மாம்பலம் கால்வாயையேனும் காக்கலாம். கார்த்திகை வெள்ளத்தில் இறைப்பொறிகளைத் தேடுவதினும், ஆடிக்குள் தூர்வாருவதே அறிவுடைமை. தூர்வாருதல் ஆட்சியாளர் கடன்; அதில் குப்பை கொட்டாதிருத்தல் நம் கடன். நீருக்கு வழிவிட்டால் நமக்கும் வழி கிடைக்கும்.