பேரம் நாவில் இல்லை, தாளில் இருக்கிறது

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மொழி எந்த இடத்தில் மாறுகிறது என்று தேடிச் செல்லும் ஆய்வாளர்களுக்குக் குறைவில்லை. ஒலிப்பதிவுக் கருவியுடன் இஞ்சிவிளையில் இறங்குகிறார்கள். வினைமுற்றில் மலையாளச் சாயலும் பெயர்ச்சொல்லில் தமிழ்ச் சாயலும் கண்டு மகிழ்கிறார்கள். "வளமான இருமொழியம்" என்று கட்டுரை எழுதுகிறார்கள். அதே சாலையோரத்தில், ஓராண்டே ஓடிய ஆடம்பர எஸ்.யூ.வி. ஒன்றுக்கு விலைபேசி முப்பது, நாற்பது லட்சம் ரூபாய் கைமாறும்போது அந்த வளமான இருமொழியம் என்ன ஆகிறது என்று கேட்பவர் அரிது. அங்கே ஆகிவருவது இதுதான்: பேச்சு வெல்கிறது, பேசியவர் தோற்கிறார்.

பழைய வண்டி வாங்கும் கலை பற்றி நாள்தோறும் குவியும் அறிவுரைகள் அனைத்தும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. வாய்த்திறமை உள்ளவருக்கு நல்ல விலை படியும் என்பதே அந்த நம்பிக்கை. முதலில் பாதி விலை கேள், வண்டியின்மேல் ஆசையை முகத்தில் காட்டாதே, எழுந்து போவதுபோல் நடி, மாதக் கடைசியில் போ. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழிக்கு இவை புதுச்சட்டை அணிவிக்கின்றன. இந்த நம்பிக்கை பிழையானது மட்டுமன்று. விற்பவருக்கு மிகவும் வசதியானதும் ஆகும். வாங்குபவர் தம் கவனம் முழுவதையும் நாவில் வைத்திருக்கும்வரை, தாள் விற்பவர் கையில் பாதுகாப்பாக இருக்கும்.

மாட்டுச் சந்தைப் பேரத்தை எண்ணிப் பார்க்கலாம். துண்டின் அடியில் விரல் பிடித்து விலை முடித்த தரகரும் வியாபாரியும் ஏமாற்றத் தெரியாதவர்கள் அல்லர். ஆயினும் மாடு இருவர் கண்முன்னும் நின்றது. பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரிந்தது. நடத்திப் பார்த்தால் கால் தெரிந்தது. ஒரே பொருளைப் பற்றி ஏறத்தாழ ஒரே அறிவுடைய இருவர் பேசியதால் அங்கே பேச்சுத்திறனுக்கு மதிப்பு இருந்தது. வண்டி அப்படிப்பட்ட பொருள் அன்று. அதன் வயது, கடன், வரி, விபத்து, உரிமை ஆகிய எதுவும் உடம்பில் இல்லை. எல்லாம் தாளில் இருக்கின்றன. தாளைப் படிக்காதவர் பேசும் பேரம், மாட்டைப் பார்க்காமல் துண்டின் அடியில் விரல் நீட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 2025 செப்டம்பர் 22க்கு முன் காட்சியக விலை 40 லட்சமாக இருந்த பெரிய எஸ்.யூ.வி. ஒன்றைக் கொள்வோம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்குக் கேரளம் வாங்கும் ஒருமுறை வரி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆக எட்டரை லட்சம் என்று வைக்கலாம். காப்பீடு ஒன்றரை லட்சம், மூலத்தில் வசூலிக்கப்படும் ஒரு விழுக்காட்டு வரி 40,000. சாலைக்கு வரும்போது தொகை ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஓராண்டுக்குப் பின் உரிமையாளர், "அம்பது லட்சம் எறக்குன வண்டி, நாப்பத்தி நாலுக்குத் தாறேன்" என்கிறார். வாங்குபவர் வாய்த்திறமை காட்டி நாற்பத்திரண்டுக்கு முடிக்கிறார். வென்றதாக வீடு திரும்புகிறார்.

எதை வென்றார்? அந்த 40,000 ரூபாயை முதல் உரிமையாளர் தம் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ள முடியும். சொந்தச் சேதக் காப்பீட்டின் ஓராண்டு கழிந்துபோயிற்று. உரிமைகோராச் சலுகையோ வண்டிக்கு உரியதன்று, காப்பீடு செய்தவருக்கு உரியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தகைய வண்டிகள்மீது 28 விழுக்காட்டு ஜி.எஸ்.டி.யும் 22 விழுக்காட்டு மேல்வரியுமாக இருந்த 50 விழுக்காடு, செப்டம்பர் 22 முதல் 40 ஆகக் குறைந்தது. நிறுவனம் அடிப்படை விலையைக் கூட்டவில்லையெனில் அதே வண்டி இன்று புதிதாக 37.33 லட்சம். காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான வண்டிக்கு 15 விழுக்காடு கழிக்கிறது, கழித்தால் 31.73 லட்சம். சந்தை விலை இதுவே என்பதன்று. விருப்பம் மிகுந்த வண்டி இதற்கு மேலும் விலைபோகும். ஆனால் பேச்சு தொடங்க வேண்டிய இடம் இந்த எண்ணே தவிர, விற்பவர் நினைவிலுள்ள ஐம்பது அன்று. பேரம் என்று கொண்டாடப்படுவது, பிறர் நட்ட கம்பத்திலிருந்து நான்கு அடி பின்னோக்கி நடப்பது மட்டுமே.

எல்லை இதை மேலும் சிக்கலாக்குகிறது. பாறசாலை வட்டாரத்தின் பதிவெழுத்து கே.எல்.19, நெய்யாற்றின்கரைக்குக் கே.எல்.20, சில கல் தொலைவில் மார்த்தாண்டத்தில் டி.என்.75. முற்றத்தில் நிற்கும் ஒரே வண்டிக்கு இவ்விருபுறமும் ஒரே நியாயவிலை இருக்க முடியாது. செங்கலிலோ உதியன்குளங்கரையிலோ வாழ்ந்து அங்கேயே ஓட்டுபவருக்கு ஏற்கெனவே கட்டிய வரியின் மிச்சப் பயன் உண்டு. அதற்காக அவர் சில லட்சம் கூட்டிக் கொடுப்பது நியாயம். களியக்காவிளைக்கு அப்பால் வாழ்பவருக்கு அது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் பெற்றாக வேண்டும். தமிழ்நாடு 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 விழுக்காடு ஆயுள்வரி வாங்குகிறது. பழையதற்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும், ஆயினும் கணக்கு லட்சங்களில்தான். கேரளத்தில் கட்டிய வரியின் மிச்சம் திரும்பக் கிடைக்கலாம். அது யார் கைக்கு வரும் என்பதும் விலையின் பகுதி. இதை முடிவுசெய்யாமல் பேசிய விலை பாதி விலையே.

தாளின் மற்றொரு முகம் இன்னும் கடுமையானது. உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் வெற்றுக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது வண்டித் தொழிலின் பழைய வழக்கம். விற்றவர் பணம் எண்ணிக்கொண்டு போகிறார். வண்டி கைமாறிக் கைமாறி ஓடுகிறது. பதிவேட்டில் அவர் பெயர் அப்படியே நிற்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருடையது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும். 2023 ஏப்ரல் 1 முதல் வண்டி விற்கும் வணிகர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை 29சி படிவத்தில் தெரிவித்தால் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். முற்றத்துக்குள் நுழைபவர் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இந்தச் சான்றைத்தான். அதற்கடுத்து, கடன் தீர்ந்ததற்கான 35ஆம் படிவம். எல்லை கடப்பதாயின் 28ஆம் படிவத்தில் பெறும் தடையில்லாச் சான்று. 2025 செப்டம்பர் 23 அன்று சுங்கத்துறை, பூட்டானிலிருந்து கடத்திவந்து போலி ஆவணங்களால் பதிவு செய்யப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, கேரளத்தில் பல ஆடம்பர வண்டிகளைக் கைப்பற்றியது. அந்நடவடிக்கைக்கு இடப்பட்ட 'நும்கோர்' என்ற பெயர் ஜோங்க்கா மொழியில் வண்டி என்று பொருள்படும். வாயால் நல்ல விலை பேசியவருக்கும் தாள் கெட்டால் வண்டி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் மொழியியலாளரின் பொறுப்பு தொடங்குகிறது. எல்லைப்புறத்தில் தமிழரும் மலையாளியும் பேரம்பேசுவதில் மொழித்தடை ஏதுமில்லை. விலை என்ற சொல் இருவருக்கும் பொது. தரகர் அங்கே தரகன். கடன் அங்கே கடம். "வண்டிக்குப் பணி உண்டு" என்றால் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது என்பது இரு வீட்டிலும் புரியும். கிரைஸ் வகுத்த உரையாடல் நெறிகளை இருவரும் ஒரே வகையில் மீறுகிறார்கள். "கடைசி விலை" கடைசி அன்று என்பதை இருவரும் அறிவர். பேச்சு முறியும் இடம் தமிழ்-மலையாள எல்லை அன்று. ஆங்கிலத்தில் அச்சான படிவம் மேசைமேல் வைக்கப்படும் கணமே அது. 'ஹைப்போதிகேஷன்' என்ற ஒரு சொல்லில் வங்கியின் பிடி முழுதும் அடங்கியிருப்பதைப் பாறசாலைத் தமிழரும் படிப்பதில்லை, நெய்யாற்றின்கரை மலையாளியும் படிப்பதில்லை. மலையாளிக்கு அலுவலகத்தில் தம் எழுத்தில் ஒரு விளக்கமேனும் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. மலையாளம் சரளமாகப் பேசி அதன் எழுத்தறியாத தமிழருக்கு அதுவும் இல்லை. அவருடைய இருமொழியம் செவியோடு நின்றுவிடுகிறது. அதை "வளம்" என்று மட்டும் எழுதும் ஆய்வு பாதி உண்மையையே எழுதுகிறது.

ஆடம்பர வண்டி வாங்குபவருக்காக மொழியுரிமை பேசுவதா என்ற எள்ளல் எழக்கூடும். வளைகுடாவில் பத்தாண்டு உழைத்த சேமிப்பை ஒரு வண்டியில் போடுபவர் சீமான் அல்லர் என்பது ஒரு விடை. அதைவிட வலிய விடை வேறொன்று: முப்பது லட்சம் கையிலுள்ளவருக்கே தாம் கையொப்பமிடும் தாளின் பொருள் எட்டவில்லையெனில், கடனில் ஆட்டோ வாங்குபவரின் நிலை என்ன? படிவங்கள் இரண்டுக்கும் ஒன்றே.

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த வரலாற்றை மாற்றக் கேட்பதன்று இங்கு நோக்கம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களிடம் அதே மொழியில் மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. அந்தச் சட்டத்தின் நோக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வாகன அலுவலகங்களின் சுவரில் ஒரு பலகையாகவேனும் தெரிய வேண்டும். 28, 29, 30, 35 ஆகிய நான்கு படிவங்களின் பொருளையும், கையொப்பமிட்டால் நேரும் விளைவையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவ்வரிகளை எழுதித் தர மொழியியல் துறை ஒன்றின் ஒரு பருவகால உழைப்பே போதும்.

கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எழுப்பிய செய்தி செப்பேட்டில் உள்ளது. அரசனுடைய வாய்ச்சொல் போதும் என்று அன்று விட்டுவிடவில்லை. கைமாறியதை அந்த மண்ணின் தமிழில் வெட்டி வைத்தார்கள். அதே வட்டாரத்தில் இன்று முப்பது லட்சத்துக்குக் கையொப்பமிடுபவர், தாம் இட்டது எதற்கென்று தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.