பெற்றோரைச் சந்திப்பதும் ஆசிரியரின் பணி நேரமே: பள்ளி உறவுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும், அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர்களும் சேர்ந்து நடத்துவது எங்கள் அமைப்பு. பெற்றோர், ஊர்க்காரர், சக ஊழியர் ஆகியோரோடு ஆசிரியருக்கு இருக்க வேண்டிய உறவு பற்றி நாங்கள் பல கூட்டங்களில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அந்த உறவை வளர்ப்பது ஆசிரியரின் பணி. நல்ல மனசுள்ள ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டாக அதைப் பார்க்கக் கூடாது. பணி என்று ஒப்புக்கொண்டால் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், போதிய ஆள் போட வேண்டும். இந்த மூன்றிலும் இன்றைய நிலை போதாது.

இது நாங்கள் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. குறித்த காலத்தில் பாடத்தை முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. சட்டம் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளியின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் தமிழுக்கும் கணக்குக்கும் பாடவேளை இருக்கிறது. பெற்றோரைப் பார்ப்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அட்டவணையில் இடமில்லாத கடமை, செய்தாலும் செய்யாவிட்டாலும் கேள்வி கேட்கப்படாத கடமையாகிவிடுகிறது.

அதன் விளைவை எல்லோரும் அறிவோம். "நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா." இந்த ஒரு வாக்கியத்தை நம் ஊரில் எந்தப் பிள்ளையும் நல்ல செய்தியாகக் கேட்டதில்லை. பையன் அடித்துக்கொண்டான், கண்ணாடியை உடைத்தான், பத்து நாளாக வரவில்லை, பரீட்சையில் போய்விட்டான் என்று ஏதாவது ஒன்று நடந்தால்தான் பெற்றோரின் காலடி பள்ளிக்குள் படுகிறது. வந்தவர் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நின்று, எல்லார் முன்னிலையிலும் பிள்ளையைத் திட்டி, சில சமயம் அங்கேயே ஓர் அறை வைத்து, தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு போகிறார். அப்படி ஒருமுறை வந்தவர் அடுத்த முறை வரத் தயங்குவதில் வியப்பில்லை. "அக்கறையில்லாத பெற்றோர்" என்று ஆசிரியர் அறையில் பேசப்படுபவர்களில் பெரும்பாலோர் இப்படித் தயங்குபவர்களே என்று எங்கள் ஆசிரிய உறுப்பினர்களும் உறுதியாகச் சொல்கிறார்கள்.

பெற்றோருடனான முதல் சந்திப்பு குற்றச்சாட்டாக இருக்கக் கூடாது. ஜூன் மாதம் பள்ளி திறந்து சில வாரங்களுக்குள், எந்தப் புகாரும் எழுவதற்கு முன்பே, வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாரையும் ஒரு முறையாவது பார்த்துப் பேசியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதுகிறது, ராத்திரி யார் கூட இருக்கிறார்கள், அம்மா எத்தனை மணிக்கு மில்லுக்குப் போகிறார், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது யார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. இவை தெரிந்த ஆசிரியர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் பெயரளவில் இருந்த இந்தக் குழுக்களைத் தமிழ்நாடு அரசு 2022இல் மாநிலம் முழுவதும் பெற்றோரைக் கூட்டி மறுகட்டமைப்பு செய்தது. தலைவர் பொறுப்புக்குத் தாய்மார்கள் வந்தார்கள். 2024இல் மீண்டும் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இதை நாங்கள் முழு மனதோடு வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால் கூட்டம் நடக்கும் விதத்தை உள்ளே இருந்து பார்த்தவர்கள் நாங்கள். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில். தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது அரை நாள் கூலி இழப்பு. அதையும் விட்டுவிட்டு வருகிறவர் வகுப்பறை வாசலில் தயங்கி நிற்கிறார். நாற்காலிகளில் தலைமையாசிரியரும் வார்டு உறுப்பினரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவியான அவருக்குக் கிடைப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை பெஞ்ச். தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பேனாவைக் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்கிறார்கள். அவர் போடுகிறார். கழிப்பறையில் தண்ணீர் வராததால் தன் மகள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார். அதைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்.

அந்த அறையில் நிலைமையை மாற்றக்கூடியவர் ஆசிரியர் ஒருவர்தான். முன்னாலேயே போய், "அக்கா, நீங்கதான் தலைவர், இங்க வந்து உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட அவரால் முடியும். தீர்மானத்தை எழுதும் முன் உரக்கப் படித்துக்காட்டவும், "வேற என்ன சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கவும் முடியும். எந்தச் சுற்றறிக்கையும் இதைச் செய்துவிடாது.

இதற்கெல்லாம் நம்மிடம் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1950களின் இறுதியில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் மக்களின் கையை நம்பி நடந்தவை. ஆசிரியர்கள் ஊருக்குள் போய்க் கேட்டார்கள். கட்டடம், கரும்பலகை, மேசை, நிலம் என்று தந்தார்கள் மக்கள். 1956இல் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊர்க்காரர்கள் தந்த தானியத்தால் நடந்ததே. அந்தத் தலைமுறை ஆசிரியருக்கு ஊரில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பது மனப்பாடமாகத் தெரியும். அண்மையில் வந்த இல்லம் தேடிக் கல்வியும் இதையே இன்னொரு வழியில் காட்டியது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாலை நேரத்தில் தெருவிலேயே பாடம் சொல்லித்தந்த தன்னார்வலர் பெரும்பாலும் அதே தெருப் பெண். தாய்மார்கள் அவரிடம் கூச்சமின்றிப் பேசினார்கள்.

இனி நாங்கள் சொல்லப்போவது சங்கடமானது. ஆனால் அதைச் சொல்லாமல் பள்ளி உறவு பற்றிப் பேசுவது பொய். நம் ஊர்களில் "ஊர்" என்பது ஒன்றல்ல, ஊரும் காலனியும் என்று இரண்டாக இருக்கிறது. ஊர்க்காரர்களோடு நல்லுறவு என்று சொல்லிக்கொண்டு ஊர்ப் பக்கத்து வீடுகளில் மட்டும் காபி குடித்துவரும் ஆசிரியர் உறவை வளர்க்கவில்லை, பிளவை உறுதி செய்கிறார்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அப்போது கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியலினப் பெண் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் போனார், அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது சரியான செயல். ஆனால் ஆட்சியர் ஒரு நாள்தான் வர முடியும். மறுநாள் காலையும் அதற்கடுத்த காலையும் அந்தத் தட்டின் முன் உட்கார வேண்டியவர் ஆசிரியர். சமைக்கும் அம்மாவைப் பிள்ளைகள் முன்னால் "வாங்க, போங்க" என்று ஆசிரியர் அழைத்தால் பிள்ளைகளும் அப்படியே அழைப்பார்கள். தூய்மைப் பணியாளரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டால் அதையும் கற்றுக்கொள்வார்கள்.

அதே 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் தங்கள் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். தாக்கியவர்கள் அவர் படித்த பள்ளி மாணவர்கள். துன்புறுத்தல் தாங்காமல் அவர் பள்ளிக்குப் போகாமல் இருந்தார், பள்ளி விசாரித்த பிறகே விஷயம் வெளியே வந்தது, அதன் பின்தான் தாக்குதல் நடந்தது. பிள்ளை துணிந்து ஒரு குறையைச் சொன்னால், அன்று மாலை அவன் வீடு போய்ச் சேரும் முன் யார் யாரிடம் பேச வேண்டும், எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பள்ளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரு தரப்புப் பெற்றோரையும் ஏற்கெனவே அறிந்த ஆசிரியரால்தான் அது முடியும். இந்தக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், கைகளில் சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளி நல அலுவலர் நியமனம் ஆகிய பரிந்துரைகளை எங்கள் அமைப்பு ஆதரிக்கிறது. கூடவே ஒன்று சொல்கிறோம்: கயிற்றை அறுப்பது எளிது, ஆனால் அதைக் கட்டிவிட்ட வீட்டோடு யாராவது பேச வேண்டும்.

உறவுக்கு எல்லையும் உண்டு. பிள்ளைகளோடு ஆசிரியர் வைக்கும் நெருக்கம் எப்போதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். பின்னிரவில் மாணவிக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவதை எந்த நல்லெண்ணமும் நியாயப்படுத்தாது. பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று சக ஆசிரியரைக் காப்பாற்றுகிறவர் எங்கள் உறுப்பினராக இருந்தாலும் எங்கள் ஆதரவு அவருக்குக் கிடையாது.

ஆசிரியர்களிடம் இத்தனையும் எதிர்பார்க்கும்போது அவர்கள் நிலையையும் பேச வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் நடத்தும் தொடக்கப் பள்ளிகள் ஏராளம். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் தனியாள். பள்ளி, மாணவர் விவரங்களைத் துறையின் இணையதளத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகளின் சுமையைக் குறைப்பதாக வந்த அறிவிப்புகள் நல்லவை, ஆனால் சிக்னல் இல்லாத ஊர்களில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் காலை வேளைகள் இன்னும் முடியவில்லை. நாலரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் ஏழு மணிவரை வேறு வண்டி இல்லாத ஊர்களில், "மாலையில் வீடுகளைப் பாருங்கள்" என்பது வெறும் பேச்சு. 2022 முதல் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டவர்கள் கல்வியாண்டு முடிந்தால் இருப்போமா என்றே தெரியாமல் பாடம் நடத்துகிறார்கள். அவர்களிடம் ஊரோடு நீண்டகால உறவை எப்படிக் கேட்பது?

திருப்பூர் போன்ற ஊர்களில் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். பிள்ளை ஒரு வருடத்தில் தமிழ் பேசிவிடுகிறது, அம்மாவுக்கு வரவில்லை. அங்கே ஆசிரியரின் பேச்சை வீட்டுக்கு எடுத்துச் செல்வது அந்தப் பிள்ளைதான், தன்னைப் பற்றிய புகாரையும் சேர்த்து. இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு இந்தி, ஒடியா தெரிந்த உள்ளூர் உதவியாளர் தேவை.

ஆகவே பள்ளிக்கல்வித் துறையிடம் எங்கள் கோரிக்கைகள். வாரத்தில் குறைந்தது இரண்டு பாடவேளையை வகுப்பாசிரியரின் பெற்றோர் சந்திப்புக்கென அட்டவணையிலேயே எழுதுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தை அந்தந்த ஊர்ப் பெற்றோர் சொல்லும் நேரத்தில், மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, நடத்த அனுமதியுங்கள். அதற்கு வரும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். வீட்டுக்குப் போகும் பயணத்துக்குப் படி கொடுங்கள். காலிப் பணியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்புங்கள். ஆசிரியர் பயிற்சிகளில், கோபமாக வந்த பெற்றோரிடம் பேசுவது எப்படி, சாதிச் சச்சரவில் இரு வீட்டாரையும் அணுகுவது எப்படி என்பதை, அனுபவமுள்ள ஆசிரியர்களை வைத்தே சொல்லித்தாருங்கள். ஆனால் இந்தச் சந்திப்புகளை எமிஸில் இன்னொரு கட்டமாக்கி, போட்டோ எடுத்து ஏற்றச் சொல்லாதீர்கள். அதைவிட விரைவாக இதைக் கெடுக்க வேறு வழியில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கு: துறை முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் வகுப்பில் யாரைப் பற்றி உங்களுக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் செய்து ஒரு நல்ல செய்தி சொல்லுங்கள். பெற்றோர்களுக்கு: அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள், நாற்காலியில் உட்காருங்கள், தீர்மானத்தைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.