எங்கே அனுப்பினார்கள், எழுதினார்களா?

1992 ஜூலை 8. மேற்கு வங்கத்தின் மதுராபூரில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார் ஹகீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி. தலையில் பலத்த அடி. உள்ளூர் சுகாதார நிலையத்தில் அதற்கான வசதி இல்லை. டயமண்ட் ஹார்பர் மருத்துவமனைக்கு, அல்லது வேறு ஏதேனும் அரசு மருத்துவமனைக்கு என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ‘வேறு ஏதேனும்’ அவரைக் கல்கத்தா முழுக்க அலையவிட்டது. என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், உடனே சேர்க்க வேண்டும் என்றார்கள், படுக்கை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏறி இறங்கிய மற்ற அரசு மருத்துவமனைகளிலும் இதே கதை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார்.

1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. அவசர சிகிச்சை மறுப்பு, உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவை மீறுவது என்ற வரிக்காகவே இத்தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது.

அதே தீர்ப்பில் பலரும் தாண்டிப்போகும் பகுதி ஒன்று உண்டு. இச்சம்பவத்தை விசாரித்த நீதிபதி லீலாமோய் கோஷ் குழு, என்.ஆர்.எஸ். பதிவேட்டில் ஹகீம் பெயர் இருமுறை ஏறியும் அவர் சேர்க்கப்படவில்லை என்று கண்டது. அதையடுத்து மாநில அரசு 1995 ஆகஸ்டில் உத்தரவிட்டது: நோயாளி வந்த தேதியும் நேரமும் பதிவாக வேண்டும், சேர்த்தார்களா, எங்கே மாற்றினார்கள் என்பதும் பதிவாக வேண்டும், பார்த்த மருத்துவர் முழுப்பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். கிறுக்கல் கையெழுத்தை வைத்து யாரைப் பொறுப்பாக்குவது? உரிமை நடைமுறையில் உயிர் பெறுவது பதிவேட்டின் இந்தக் கட்டங்களில்தான்.

2024இல் கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு போராடிய இளம் மருத்துவர்கள், நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான மையப்படுத்தப்பட்ட ரெஃபரல் முறையையும் கேட்டார்கள். அக்டோபரில் சோதனை முயற்சி தொடங்கிய இடம் தெற்கு 24 பர்கானா. மதுராபூர் இருக்கும் அதே மாவட்டம்!

இந்த முறையில் எங்கே படுக்கை காலி என்று கணினித் திரை சொல்லிவிடும், நல்லதே. ஆனால் எந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, கிளம்பும்போது நோயாளிக்கு நினைவு இருந்ததா என்பதை அனுப்புகிறவர்தான் எழுத வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து என்ன ஆயிற்று என்ற பதில் சீட்டும் திரும்பி வர வேண்டும். அது வராதவரை, அனுப்பியது சரியா என்று சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. இரவுப் பணியில் தனியாக இருக்கும் மருத்துவரிடம் கணினியை மட்டும் கொடுத்து, பதிவுசெய்ய ஆள் போடாவிட்டால், ‘மேல் சிகிச்சைக்காக’ என்ற ஒற்றை வரியே அதிலும் ஏறும்.