பரிசுப் பயணம் யார் செலவில்?

அமெரிக்காவில் சிகாகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு சங்கம் நடைபெற்று வருகிறது. கம்பெனிகள் தங்கள் பொருள்களை அதிகமாக விற்றுக் கொடுத்தவர்களுக்குப் பரிசாக உல்லாசப் பயணம் அளிக்கும் வழக்கம் உண்டல்லவா? அப்பயணங்களை ஏற்பாடு செய்து கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களின் சங்கம் அது. 1973-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கத்தைச் சுருக்கமாக ‘சைட்’ என்று அழைக்கின்றனர். பயண ஏற்பாட்டாளர்கள், ஹோட்டல்காரர்கள், உல்லாசக் கப்பல் கம்பெனியார், பல நாடுகளின் சுற்றுலாத் துறையினர் எனப் பலதரப்பட்டவர்கள் அதில் அங்கம் வகிக்கின்றனர்.

இப்படியும் ஒரு தொழிலா, அதற்கும் ஒரு சங்கமா என்று நம் அங்கத்தினர்கள் வியக்கக்கூடும். ஆயினும் இத்தொழிலின் கை, நம் ஊர் உரக்கடை வரையில் நீண்டிருப்பதால் இதைப்பற்றிச் சிறிது ஆராய்வது அவசியமெனக் கருதுகிறோம்.

ஊக்கப் பயணத்தின் ஆதி வரலாற்றைச் சொல்பவர்கள், கல்லாப்பெட்டி இயந்திரம் செய்துவந்த நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியிலிருந்து தொடங்குவது வழக்கம். ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் ஜான் பாட்டர்ஸன் என்பவர் அதை நடத்தி வந்தார். நிர்ணயித்த அளவு விற்றவர்களைத் தனிக் குழுவாகச் சேர்த்துக் கௌரவிக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். 1911-இல் சிறந்த விற்பனையாளர்களுக்கு நியூயார்க் நகரப் பயணம் பரிசாக அளிக்கப்பட்டதாகக் கூறுகின்றனர்.

இதில் அடங்கியுள்ள தத்துவம் எளியது. ரொக்கமாகக் கொடுத்தால் பலசரக்குக் கடைப் பாக்கியிலும் பள்ளிச் சம்பளத்திலும் அது கரைந்துபோகும்; பயணமோ பல ஆண்டுகள் பேச்சில் நிற்கும். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்று அறிவித்துவிட்டால், இலக்கை எட்டும்படி வீட்டிலிருந்தே தூண்டுதல் வந்துவிடும்! மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள்தாம் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். செலவுக்கும் அவர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கின்றனர். இலக்குக்கு மேல் நடக்கும் விற்பனையின் இலாபத்திலிருந்தே பயணச் செலவு ஈடுகட்டப்படுவதால் கம்பெனிக்கு அது பாரமன்று என்பது அவர்கள் வாதம்.

அச்சங்கத்தின் நற்காரியங்களை மறைப்பது நியாயமாகாது. தொழிலுக்குப் பாடத்திட்டம் வகுத்துப் பரீட்சை நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றனர். சிறந்த பணிக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கின்றனர். ஆராய்ச்சிக்கும் கல்விக்குமென ஓர் அறநிலையம் வைத்திருக்கின்றனர். கூட்டுறவுப் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தீர்மானம் எழுதும் நமது நிர்வாகக் குழுக்கள் சில இதைக் கவனிப்பது நலம்.

ஆனால் கணக்குப் புத்தகம் புரட்டுவதே வேலையாகிவிட்ட நமக்கு, ‘பயணம் தன் செலவைத் தானே கட்டிக்கொள்கிறது’ என்ற வாக்கியம் கண்ணை உறுத்துகிறது. பணம் தானாக விளைவதில்லை. அதிகப்படி விற்பனை என்றால், யாரோ ஒருவர் அதிகப்படியாக வாங்கியிருக்கிறார் என்பதே பொருள். அவருக்கு அப்பொருள் தேவையாயிருந்ததா? கம்பெனிக்கும் விற்பவருக்கும் பயணம் நடத்துபவருக்கும் இடையே முடிந்துவிடும் இக்கணக்கில், அவருக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கப்படவில்லை.

இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். 2008 செப்டம்பரில் ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி வீழும் நிலைக்கு வந்தபோது, 8,500 கோடி டாலர் கடனுதவியால் அமெரிக்க அரசு அதைத் தாங்கிப் பிடித்தது. சில நாட்களுக்குள், அதன் துணைக் கம்பெனி ஒன்று நன்றாக விற்ற ஏஜெண்டுகளைக் கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள சொகுசு விடுதியில் தங்கவைத்து 4,40,000 டாலருக்கு மேல் செலவிட்டது. அக்டோபரில் காங்கிரஸ் குழுவின் விசாரணையில் அந்த ரசீதுகள் வெளிப்பட்டதும் நாடே கொதித்தது. 2009-இல் பல கம்பெனிகள் தங்கள் பயணங்களை ரத்து செய்தன. வெல்ஸ் பார்கோ பாங்கு லாஸ் வேகாஸ் பயணத்தைக் கைவிட்டது. இதனால் ஹோட்டல் பணியாளர்கள் எத்தனையோ பேருடைய பிழைப்பு கெடும் என்று பயணத் தொழிலார் வாதாடினர். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அன்று எழுந்த கூச்சலெல்லாம் விடுதியின் ஆடம்பரத்தைப் பற்றியதே. விற்பனை எவ்வாறு நடந்தது என்று கேட்டவர்கள் சொற்பம்.

அந்தக் கேள்விக்கு 2016-இல் விடை கிடைத்தது. அதே வெல்ஸ் பார்கோ பாங்கின் ஊழியர்கள், வாடிக்கைக்காரர்களின் சம்மதமின்றி சுமார் 20 லட்சம் கணக்குகளைத் திறந்திருக்கலாம் என்று தெரியவந்தது. 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தனர். உல்லாசப் பயணத்துக்காக அவர்கள் இவ்வாறு செய்யவில்லை. மேலிருந்து விதிக்கப்பட்ட இலக்குக்கு அஞ்சியும், வெகுமதியை நாடியும் செய்தனர். எனினும் இலக்கு ஒன்றே அளவுகோலாகும்போது, வாங்குபவருடைய நலன் எப்படிக் கண்ணிலிருந்து மறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். விதை, உரம், பூச்சிமருந்து, சிமெண்டு முதலியவற்றை அதிகமாக விற்ற வியாபாரிகளைக் கம்பெனிகள் வெளிநாடு அழைத்துச் செல்வது நம் நாட்டிலும் புதிதன்று. வருமானவரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த ஒரு பிரிவு, தொழில் முறையில் கிடைக்கும் இத்தகைய சலுகைகள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டுமென்று விதித்தது. பயணமும் வருமானமே என்பதைச் சட்டம் கண்டுகொண்டது. இலையில் புள்ளி கண்டு பதறி ஓடிவரும் விவசாயிக்கு இதனால் பயனில்லை. ஒரு புட்டி போதுமான இடத்தில் கடைக்காரர் இரண்டு புட்டி எடுத்துக் கொடுத்தால், அது பயிருக்காகவா, பாங்காக் பயணத்துக்காகவா என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

கைத்தறிச் சங்கங்களின் வழி வேறு. தீபாவளித் தள்ளுபடி துணி வாங்குபவரின் ரசீதிலேயே எல்லோரும் பார்க்கும்படி குறைக்கப்படுகிறது. 1844-இல் சங்கம் தொடங்கிய ராச்டேல் முன்னோடிகள், வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினருக்கு உபரியைப் பங்கிட்டதும் இதே நோக்கத்தால்தான்.

பரிசே கூடாது என்பது நமது கட்சியன்று. நன்றாக நெய்தவரையும் ஒழுங்காகக் கடன் கட்டியவரையும் சங்கம் வெளியூர் அழைத்துச் சென்று காட்டினால் மனம் மகிழ்வோம். அச்செலவு மகாசபையின் முன் வருகிறது. கேள்வி கேட்க அங்கத்தினருக்கு உரிமை இருக்கிறது. சிகாகோ சங்கமும் தன் பரீட்சையில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: இந்த இலக்கை எட்ட, யாரிடம் எதை விற்க வேண்டியிருக்கும்?

நமது சங்கங்களின் உர விற்பனை நிலையத்துக்கோ, நூல் வாங்கும் பிரிவுக்கோ இத்தகைய பயண அழைப்பு வந்தால், காரியதரிசி அதை மேஜை அறைக்குள் வைக்காமல் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். அப்பயணத்தின் மதிப்பைச் சரக்கின் விலையில் குறைத்துத் தருமாறு கம்பெனிக்கு எழுதத் தீர்மானம் நிறைவேற்றலாம். வரும் பதிலைத் தணிக்கையின்போது நாம் கேட்டுப் பார்ப்போம்.