கைக்கெட்டிய காட்டுப்பன்றி

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் குப்பம், பலமநேர் பக்கம் வேர்க்கடலை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி என்றாலே வயிறு எரியும். ஒரே ராத்திரியில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும். அந்த எரிச்சலில் வைத்த கண்ணியிலோ நாட்டு வெடியிலோ பன்றி விழுந்தால், விடிவதற்குள் கறி கூறு போட்டாகிவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம். அதனால்தான் அத்தனை அவசரம். அந்தப் பன்றி நேற்று நன்றாக இருந்ததா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

கறிக்கடை ஆட்டுக்காக இந்தக் கேள்வியைச் சட்டமே கேட்கிறது. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, அறுக்குமுன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. வேட்டைக்கு அனுமதியுள்ள ஐரோப்பிய ஒன்றியத்திலோ, சந்தைக்கு வரும் வேட்டைக்கறியைப் பயிற்சி பெற்றவர் சோதிக்கிறார். சுடுமுன் விலங்கின் போக்கில் மாறுதல் தெரிந்ததா என்பதும் அதில் சேர்த்தி.

அது முக்கியம். கூட்டத்தை விட்டுத் தனித்து நிற்பது, பின்னங்கால் தள்ளாடுவது, பட்டப்பகலில் ஆளைக் கண்டும் ஓடாதது எல்லாம் நோயின் அடையாளமாக இருக்கலாம். வேட்டைக்காரர் கண்ணுக்கு இவையே அதிர்ஷ்டம். சுலபமாகக் கிடைத்ததைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2022-இல் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகள் ஆந்த்ராக்ஸால் செத்தன. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால், அந்த உடம்பில் கத்தி படவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்தாகி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2023 ஜனவரியில் முதுமலையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது மனிதருக்குத் தொற்றாதுதான். ஆனால் கத்தியோடும் செருப்போடும் வீசியெறிந்த குடலோடும் ஊர்ப் பன்றிப் பட்டிவரை வந்துவிடும்.

கேரளம் 2022-இல் உள்ளாட்சிகள் வழியாகவும், தமிழ்நாடு 2025-இல் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை வழியாகவும் பன்றியைச் சுட வழி செய்தன. அப்படிப்பட்ட எந்த உத்தரவிலும் சுடுமுன் கவனிப்பதும், சுட்டபின் மாதிரி எடுப்பதும் கட்டாயமாக வேண்டும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு இது எட்டாத காரியமல்ல. கால்நடைப் பல்கலைக்கழகமே திருப்பதியில் இருக்கிறது.

ஆனால் முதல் தகவல் கொல்லைக்காரரிடமிருந்துதான் வர வேண்டும். “பன்றி செத்துக் கிடக்கிறது” என்று சொல்ல வருபவரிடம், “நீ அங்கே எதற்குப் போனாய்?” என்று கேட்டால், அடுத்த முறை அவர் மண்வெட்டியை எடுப்பாரே தவிர, தொலைபேசியை எடுக்கமாட்டார்.